மாதர் சங்கங்களின் பங்குனி, சித்திரைப் பணிகள்

(ஊராட்சி உறுப்பினர்களும் மாதர் சங்கத் தொண்டர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊர்களில் உள்ள மாதர் சங்கங்கள் பங்குனி, சித்திரை ஆகிய இரு திங்களிலும் என்னென்ன பணிகளை மேற்கொள்ளலாம், அவற்றுக்கு வேண்டிய பொருளை எவ்வாறு திரட்டலாம் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பொருள் திரட்டும் வழிகளைக் கூறுவது எளிது. திரட்டிய பொருள் யாருடையது, அதன் கணக்கை யார் யாருக்குக் காட்டவேண்டும் என்பதே ஆழ்ந்து எண்ணவேண்டியது. ஆகவே இரண்டையும் சேர்த்தே கூற விரும்புகிறேன்.

மாதர் சங்கம் திரட்டும் நிதி தொகையால் சிறியது. ஓர் ஊராட்சியின் வரவு செலவுக்கு முன்னே அது கடுகளவே ஆகும். ஆயினும், அந்தக் கடுகளவுப் பொருளைப் பெண்களே ஈட்டி, பெண்களே கூடி முடிவு செய்து செலவிட்டு, ஊரார் முன்னிலையில் பெண்களே எழுந்து நின்று கணக்குப் படிக்கும்பொழுது, அவ்வூரில் ஒரு நல்ல வழக்கம் வேரூன்றுகிறது. பொதுப் பொருள் எவர் கையில் இருந்தாலும் அதன் கணக்கு ஊருக்கு உரியது என்பதே அவ்வழக்கம். ஊராட்சிக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை.

காலத்தின் அருமை

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நம் முன்னோர் வகுத்த பருவம். உழவர் வீட்டில் அதன் பயன் பங்குனியிலேயே தொடங்கிவிடுகிறது. சம்பாவும் தாளடியும் அறுவடையாகிக் களத்துமேட்டு வேலை ஓய்கிறது. குதிரில் நெல் இருக்கிறது. சித்திரையில் நல்லேர் பூட்டிக் கோடை உழவு தொடங்கும் வரையில் கைக்குச் சிறிது ஓய்வும் உண்டு. கிணற்றுப் பாசனத்தில் கோடைப் பயிர் செய்யும் ஊர்களில் இந்த ஓய்வு குறைவு. அங்குச் சங்கத்தினர் மாலை நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

இயற்கையும் இக்காலத்தில் கை கொடுக்கிறது. புளி உலுக்கும் காலம் இது. மாவடு கிடைக்கிறது, மிளகாய் பழுத்துக் களத்துக்கு வருகிறது, வேம்பு பூக்கிறது. வடாமும் வற்றலும் காய்வதற்கு வேண்டிய வெயிலுக்கோ குறைவே இல்லை. அதே வெயில்தான் குளத்தை வற்றச் செய்து, வழிநடப்போரையும் கால்நடைகளையும் வாட்டுகிறது. பொருள் ஈட்டும் வாய்ப்பும் உதவி செய்யவேண்டிய தேவையும் ஒரே காலத்தில் அமைவது இந்த இரு திங்களில்தான்.

சேமிப்பு வேறு, பொது நிதி வேறு

மாதர் சங்கம் நமக்குப் புதியதன்று. 1917-ஆம் ஆண்டிலேயே சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், கிராம சேவிகைகளும் முக்கிய சேவிகைகளும் சிற்றூர்களுக்குச் சென்று மாதர் சங்கங்களை அமைத்தனர். 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்கள் தோன்றின. பின்னர் அவை மாநிலம் முழுவதும் பரவின.

இவ்விரண்டையும் பலர் ஒன்றாகவே கருதுகிறார்கள். பெரும்பாலான ஊர்களில் உறுப்பினர்களும் அவர்களேதாம். ஆயினும் பணம் ஒன்றன்று. சுய உதவிக் குழுவின் சேமிப்பு, அதைச் செலுத்திய உறுப்பினர்களுக்கே உரியது; அவர்களுக்குக் கடனாகச் சென்று அவர்களிடமிருந்தே திரும்பி வருவது. தொண்டுக்கெனத் திரட்டிய நிதியோ ஊருக்கு உரியது. அதிலிருந்து ஒரு ரூபாயும் எவருக்கும் கைமாற்றாகச் செல்லலாகாது. இரண்டு பணத்தையும் ஒரே பெட்டியில் வைத்தால், நல்லெண்ணம் உடையவர்களும் ஆறு மாதத்துக்குள் ஒருவரையொருவர் ஐயுறுவர். ஆகவே பெட்டி வேறு, பேரேடு வேறு, வங்கிக் கணக்கு வேறு என்று முதல் நாளே பிரித்துவிட வேண்டும். சங்கத்தைச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டால் வங்கிக் கணக்குத் தொடங்குவது எளிதாகும்.

பொருள் திரட்டும் வழிகள்

முதலாவது, புளி. ஓட்டுடன் கூடிய 100 கிலோ புளியம்பழத்தில் சதை ஏறத்தாழ 55 கிலோவும், கொட்டை 34 கிலோவும், ஓடும் நாரும் 11 கிலோவும் இருக்கும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டே விலை பேச வேண்டும். ஓட்டுப் புளி கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவுக்கு 4,000 ரூபாய் ஆகிறது. அதிலிருந்து கிடைக்கும் சதை 55 கிலோவே ஆதலால், கொட்டை நீக்கிய புளியின் அடக்கவிலை கிலோவுக்கு ஏறத்தாழ 73 ரூபாய். காய வைப்பதால் எடை மேலும் குறையும். கூலியும் உப்பும் வண்டிச் சத்தமும் இதற்குமேல். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தபின் மிச்சம் நிற்குமானால் வாங்கலாம். நில்லாதெனில் அவ்வாண்டு விட்டுவிடலாம். ஓடும் நாரும் கொட்டையும் நீக்கி, நன்றாகக் காய வைத்து, உப்பிட்டுப் பானையில் அடைத்த புளியை உடனே விற்கவேண்டிய கட்டாயம் இல்லை. விலை ஏறும் வரையில் காத்திருக்கலாம்.

இங்கே ஊராட்சி உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஊராட்சிக்குரிய புறம்போக்கில் நிற்கும் புளியமரங்களின் மகசூல் ஏலம் விடப்படுகிறது. ஏல அறிவிப்பு மாதர் சங்கத்துக்கு எட்டுவதே இல்லை என்னும் நிலை பல ஊர்களில் உண்டு. மரத்தை ஏலம் எடுத்தவர் பழத்தைக் கொண்டுவந்து, இதே பெண்களிடம் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கொட்டை நீக்குவிக்கிறார். சங்கத்துக்குச் சலுகை வேண்டியதில்லை; அறிவிப்பு உரிய காலத்தில் தெரிந்தால் போதும். மற்றவர்களோடு நின்று அவர்களும் ஏலம் கேட்கட்டும்.

இரண்டாவது, வடாம், வற்றல், மாவடு, மிளகாய்த்தூள், காய்ந்த வேப்பம்பூ முதலியவை. இவ்வகைத் தொழிலில் நமக்கு வழிகாட்டியாக உள்ள வரலாறு ஒன்றைச் சொல்லுகிறேன். 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் பம்பாய் நகரில் கிர்காம் பகுதியைச் சேர்ந்த பெண்கள் எழுவர், 80 ரூபாய் கடன் பெற்று, தங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். முதல் நாள் ஆயத்தமானவை நான்கே பொட்டலங்கள். நன்கொடை பெறுவதில்லை என்று தொடக்கத்திலேயே அவர்கள் உறுதி செய்துகொண்டனர். மழைக்காலத்தில் அப்பளம் காயாததால் முதல் ஆண்டில் நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டில் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டிக் காய வைத்தனர். அதுவே இன்று நாடெங்கும் அறியப்பட்ட லிஜ்ஜத் நிறுவனம். அவ்வெழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் பொபட் அம்மையாருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எல்லாச் சங்கங்களும் அவ்வளவு பெரிதாக வளரும் என்று நான் கூறவில்லை. கடனை அடைத்து, நன்கொடையை மறுத்து, வந்த இடையூற்றுக்கு ஒரு கட்டிலைக் கொண்டே வழி கண்ட அந்த மனப்பான்மை எந்தச் சிற்றூருக்கும் பொருந்தும் என்றே கூறுகிறேன். உணவுப் பொருளை விற்பனைக்கெனத் தயாரிப்போர், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது, பிடியரிசி. உலை வைக்கும்பொழுது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இடும் பழக்கம் நம் வீடுகளில் இருந்துவந்ததே. ஒரு பிடி 40 கிராம் என்று கொண்டால், ஒரு வீட்டில் திங்கள் ஒன்றுக்கு 1,200 கிராம் சேரும். முப்பது வீடுகள் சேர்ந்தால் 36 கிலோ. இந்த அரிசியை விற்பதைவிட, துணையற்ற முதியோருக்கு நண்பகலில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவதே சிறப்பு. நியாயவிலைக் கடையில் பெற்ற அரிசியை விலைக்கு விற்பது சட்டத்துக்கு மாறானது ஆதலின், அவ்வகையிலும் இதுவே தக்க வழி. கலயத்தில் அரிசி இடும் வீடு, கஞ்சி பெறும் வீடு என்று ஊரை இரண்டாகப் பிரித்துப் பேசாமல் இருப்பதும் தொண்டின் பகுதியே.

நான்காவது, பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா ஆகியவற்றில் சங்கத்தின் பெயரால் ஒரு கடை. பொரியும் கடலையும் விற்கும் சிறு வணிகர்களோடு போட்டியிடாமல், சங்கத்தினர் தாமே செய்த பொருளை விற்பது நன்று. திருவிழாவை நம்பி ஆண்டு முழுவதும் பிழைப்பவரின் வயிற்றில் அடித்துச் செய்யும் தொண்டு தொண்டாகாது.

ஐந்தாவதாகக் கூறவேண்டியது பொருளைப் பற்றியதன்று; உழைப்பைப் பற்றியது. ஓய்வு உள்ளவர் அரை நாள் வந்து கொட்டை நீக்குவது தொண்டு. அன்றாடக் கூலியால் குடும்பம் நடத்தும் ஒரு சகோதரி அதே அரை நாளைக் கொடுத்தால், அன்று மாலை அவர் வீட்டு அடுப்பு குறைவாக எரியும். ஆகவே, கூலி வேலை செய்வோருக்கு உரிய கூலியைக் கொடுத்தபின் எஞ்சுவதையே நிதியில் சேர்க்கவேண்டும். இல்லையேல் சங்கம் நாளடைவில் வசதி உள்ளவர்களின் சங்கமாகிவிடும்.

செய்யத்தகாதவை

குலுக்கல் சீட்டு அச்சிட்டு விற்கலாம் என்று சிலர் யோசனை கூறுவர். வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் தடை செய்யப்பட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஏழைக் குடும்பங்களைக் கண்ணீர்விடச் செய்த ஒரு பழக்கத்தைப் பெண்களின் சங்கம் வேறு பெயரில் ஊருக்குள் கொண்டுவருவது பொருந்தாது.

வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டாய வரி விதிப்பதும் கூடாது. வரி விதிக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு, சங்கத்துக்கு இல்லை. மனமுவந்து கொடுப்பதைச் சீட்டுக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். ஊராட்சி வேலைகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரரிடம் நன்கொடை பெறுவதை அறவே தவிர்க்கவேண்டும். இன்று அவர் தண்ணீர்ப் பந்தலுக்குப் பணம் தருவார். நாளை அவர் போட்ட சாலையைப் பற்றிச் சங்கத்துப் பெண்கள் கிராம சபையில் வாய் திறக்க இயலாது.

தண்ணீர்ப் பந்தல்

செலவைத் தீர்மானித்த பிறகே வரவைத் தேட வேண்டும். இன்ன பணிக்கு என்று தெரியாமல் திரட்டிய பணம் வேறு பணிக்கே போகும். இந்த இரு திங்களுக்குத் தக்க பணி தண்ணீர்ப் பந்தல். அதனோடு கால்நடைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்தால் விவசாயிகள் வாழ்த்துவர்.

நன்கு கொதிக்க வைத்து ஆற்றிய நீரை மூடியுள்ள மண்பானையில் ஊற்றி வைக்கவேண்டும். நீண்ட பிடியுள்ள அகப்பையால் முகந்து ஊற்ற வேண்டும். குடிப்போர் கையைப் பானைக்குள் இடலாகாது. மோர் கொடுப்பதாயின் அன்றைய மோரை அன்றே முடித்துவிட வேண்டும். எந்த நீரில் உறைந்தது என்று தெரியாத பனிக்கட்டியை அதில் போடுவது, தாகம் தீர்க்க வந்தவருக்கு நோயைக் கொடுப்பதாகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளைகள் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுள்ளன. ஆகவே எவர்சில்வர் குவளைகளை வைத்துக் கழுவிக் கழுவிப் பயன்படுத்துவோம்.

குவளை என்றதும் வெளிப்படையாகக் கூறவேண்டிய ஒன்று உண்டு. பந்தலில் ஒருவருக்கு ஒரு குவளை, மற்றொருவருக்கு வேறு குவளை என்பது இருக்கலாகாது. குடியிருப்புப் பகுதியைக் கேட்டறிந்து உயரத் தூக்கிக் கையில் வார்ப்பதும் அதே குற்றத்தின் மறுவடிவமே. தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதனினும் மேலாக ஒன்று செய்யலாம். பந்தலில் நின்று ஊற்றும் முறை எல்லாத் தெருப் பெண்களுக்கும் வரும்படி நாள்முறைப் பட்டியல் எழுதி, பந்தற்காலிலேயே ஒட்டிவிடுங்கள். யார் குடிக்கலாம் என்பதில் மட்டுமன்றி, யார் ஊற்றலாம் என்பதிலும் சமத்துவம் வேண்டும். இதில் சில ஊர்களில் முணுமுணுப்பு எழும். முதல் நாள் குடிக்காமல் போகிறவர் உண்டாகலாம். அவருக்காகப் பட்டியலை மாற்ற வேண்டாம். பந்தலை மூடவும் வேண்டாம். வெயில் நம் பக்கம் இருக்கிறது.

திங்களூரில் அப்பூதியடிகள் தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்குத் தம் பெயரை இடாமல், தாம் நேரில் கண்டும் இராத திருநாவுக்கரசரின் பெயரை இட்டார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. பந்தலைவிடப் பெரிய பெயர்ப் பலகை வைக்க விரும்புவோர் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

கணக்கு

1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் நடைபெறும் கிராம சபைகளோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாள்களையும் சேர்ப்பதென 2022-இல் அரசு முடிவு செய்தது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நமக்குப் பங்குனியின் தொடக்கம். அடுத்த கிராம சபை மே 1. நமக்குச் சித்திரையின் நடு. இவ்விரு நாள்களுக்கும் இடையே சரியாக நாற்பது நாள்கள். நாள் சிறிது தள்ளிப்போகும் ஆண்டுகளிலும் இந்த அமைப்பு நமக்குப் பயன்படும். முதல் கூட்டத்தில் சங்கம் எழுந்து, "இன்ன பணியை மேற்கொள்ளப் போகிறோம், இவ்வளவு தேவை, இன்ன வழியில் ஈட்டுவோம்" என்று கூறட்டும். இரண்டாவது கூட்டத்தில், "இவ்வளவு வந்தது, இவ்வாறு செலவாயிற்று, இவ்வளவு கையிருப்பு" என்று படிக்கட்டும்.

இதற்குப் பெரிய கல்வி தேவையில்லை. பணம் பெறுபவர் ஒருவர், பேரேட்டில் எழுதுபவர் மற்றொருவர், செலவுச் சீட்டைச் சரிபார்ப்பவர் மூன்றாமவர் என மூன்று கைகள் இருந்தால் போதும். வங்கியில் இருவர் கையொப்பம் வேண்டும். வாரம் ஒரு முறை அங்கன்வாடிச் சுவரிலோ நூலக வாயிலிலோ வரவு செலவை எழுதி ஒட்டவேண்டும். நட்டம் வந்தால் நட்டம் என்றே எழுதவேண்டும். மழை பெய்து பத்துப் படி வடாம் கெட்டுப்போயிற்று என்று எழுதும் சங்கத்தின் மற்றக் கணக்கை ஊர் நம்பும். எழுத்தறியாத உறுப்பினர்களுக்குக் கணக்கை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கலாகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு

இறுதியாக, ஊராட்சி உறுப்பினர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது: சங்கத்தின் பணத்தைக் கொண்டு ஊராட்சியின் கடமையை நிறைவேற்ற நினைக்காதீர்கள். குடிநீர் வழங்குவது சட்டம் ஊராட்சியின்மேல் சுமத்திய கடமை. பெண்கள் தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறார்கள் என்பது, பழுதான கைப்பம்பைப் பழுது பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. பந்தல் வழிநடப்போருக்கு; குழாய் ஊருக்கு.

இரண்டாவது: அப்பணத்தின்மேல் கை வைக்காதீர்கள், கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அன்பின் பெயராலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த இட ஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்தி 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் உறுப்பினர் பெயர் ஒன்றாகவும், கூட்டத்தில் பேசும் குரல் கணவருடையதாகவும் இருக்கும் ஊர்களை நாம் அறிவோம். சட்டம் நாற்காலியைத்தான் அளிக்க முடியும். அதில் அமர்ந்து பேசும் பழக்கத்தை ஊர்தான் அளிக்கவேண்டும். சங்கத்தின் நாலாயிரம் ரூபாய்க்கு ஊரார் முன்பு கணக்குப் படித்துக் கேள்விகளுக்கு விடை கூறிப் பழகிய ஒரு பெண், நாளை ஊராட்சியின் பல இலட்சம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்பார். தேவையானால் கணக்குக் காட்டவும் செய்வார். அவர் பேரேட்டை அவரிடமே விட்டுவையுங்கள். கூட்டலில் பிழை இருந்தால் சபையிலேயே சுட்டிக்காட்டுங்கள்; திருத்தி எழுதட்டும்.

பங்குனி என்று பருப்பதும் இல்லை, சித்திரை என்று சிறுப்பதும் இல்லை என்பது பழமொழி. மாதம் தானாக எதையும் வளர்த்துத் தராது. ஆகவே தாய்மார்களே, இவ்வாரமே கூடி ஒரு பணியைத் தேர்ந்தெடுங்கள். புளி விலையை விசாரித்து, அடக்கவிலையைக் கணக்கிடுங்கள். மூன்று பேரைப் பொறுப்புக்கு அமர்த்துங்கள். நாற்பது பக்கப் பேரேடு ஒன்று வாங்குங்கள். அதை வாங்கிய செலவையே முதல் வரியில் எழுதுங்கள். கிராம சபையில் நீங்கள் கணக்குப் படிக்கும் நாளன்று, ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் கலையாமல் இறுதிவரை இருந்து கேட்கவேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.